எலும்புக்காரனின் ஜனாஸா

வெளிநாடு போகிறவரை, போவதற்கு முந்திய சனிக்கிழமை கொன்றுவிட வேண்டும் என்பது அல்பொன்சா அன்ரி வீட்டு விறாந்தை மேசையின் சட்டம். சாகப்போகிறவரின் வீட்டார்தான் அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டும், அதுவும் சட்டம். ஆகவே இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஸும்றா தன் புருஷனின் சாவுக்காக ஒரு சட்டி அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டிக் கடற்கரை வீதியால் நடந்தாள். புருஷன் ஹஸ்மி கட்டைச் சம்பல் கோப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் வந்தான். நாட்டில் சமையல் காஸ் இல்லாத காலம். கிழங்கை விறகில் அவித்ததில் அவளுடைய அபாயா முழுக்கப் புகை மணத்தது.

கொல்வது ஹஸ்மியை அல்ல, பயப்பட வேண்டாம். விளையாட்டில் அவன் வைத்திருந்த ஆளை. நாலு வருஷத்துக்கு முன்னால் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அல்பொன்சா அன்ரியின் விடுதியில் அறை எடுத்தார். பத்து நாள் காற்று அடிக்கவில்லை. அந்த மனிசன் சும்மா இருக்க மாட்டாமல், விறாந்தையில் அகப்பட்டவர்களை இருத்தி வைத்து இந்த விளையாட்டைப் பழக்கினார். பதினோராம் நாள் காற்று வந்தது, ஆள் பறந்துவிட்டார். தடித்த ஒரு புத்தகமும் இருபது முகம் உள்ள ஒரு கட்டையும் மேசையில் மிஞ்சின.

விளையாட்டு பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக அந்தக் கதைக்குள் போவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைக் கட்டை சொல்லும். புத்தகத்தைத் தமிழாக்கி ஒற்றை றூள் கொப்பியில் எழுதியவள் ஸும்றா. பாமசியில் வேலை அவளுக்கு. அந்த வருஷம் அலுமாரியில் பனடோலும் இல்லை, வாசலில் ஆளும் இல்லை. நேரம் தாராளமாகக் கிடைத்தது.

கதையை நடத்துகிறவன் கெவின். டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றி ஓடுகிறவன். இப்போது படகுக்கு எண்ணெயும் இல்லை, பார்க்க வருகிறவர்களும் இல்லை. வலை எங்கே விழ வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று கரையில் நின்று தீர்ப்புச் சொல்கிற வலைச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். கெவினுக்கும் மேசையில் அதே பெயர்தான். அல்பொன்சா அன்ரி விளையாட்டில் கிறகோரி சுவாமி என்ற பாதிரியாராக வருவார். அறுபது வயசுப் பொம்பிளை ஏன் பாதிரியாராக வருகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கோயிலில் பூச்சாடி கழுவியவருக்கு ஒரு நாளைக்காவது பிரசங்கம் வைக்க ஆசை இருக்காதா?

ஹஸ்மியின் ஆள் ஸாபிர். செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குகிற எலும்புக்காரன். வெள்ளி நிறத் தாடி, இடுப்பு வரை தலைமயிர், கையில் எலும்புத் தடி. தடி ஆர் கையில் இருக்கிறதோ அவர் செத்தவரை எழுப்பலாம், அவர் சொல்வதை எழும்பிய ஆட்கள் தட்டாமல் செய்வார்கள். ஹஸ்மி மார்க்கப் பற்றுள்ளவன். மையவாடியில் அடக்கியவர்கள் மேல் கைவைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். போர்க்களத்தில் உரிமை கோர ஆளில்லாமல் கிடந்த நாலு பேரைத்தான் எழுப்பினான். பின்னேரத் தொழுகையான அஸருக்கு வாங்கு சொன்னால் விளையாட்டு நிற்கும், ஹஸ்மி பள்ளிக்குப் போவான், அவன் திரும்பி வரும்வரை நாலு எலும்பாட்களும் மர நிழலில் குந்தியிருப்பார்கள். வேலை செய்கிற எலும்புக்கும் ஓய்வு வேண்டும் என்பது அவன் கட்சி.

ஸும்றாவின் ஆள் மின்னி, உருமாற்றுக்காரி. ஒரு பொருளின் மூன்று அடையாளத்தைப் பிழையில்லாமல் சொன்னால் எதையும் அதுவாக மாற்றுவாள். ஒரு மாற்றம் ஆறு மணித்தியாலம் நிற்கும். ஒரு நாளைக்கு நாலு மந்திரம், அதற்கு மேல் இல்லை.

புருஷன் எழுப்பிய பிணமும் பெண்சாதியின் மந்திரமும் முதன்முதலாகச் சேர்ந்தது கோட்டை வாசலில். எலும்பாட்களை உள்ளே விட மாட்டோம் என்று காவல்காரர் மறித்தார்கள். ஸும்றா நாலு பேரையும் கழுதையாக மாற்றினாள். காது நீளம், முதுகில் சிலுவைக் கோடு, ஹோர்ன் அடித்தாலும் அசையாது. மூன்று அடையாளம், சரி.

"நாலு கழுதை ஒண்டா வந்தா சந்தேகப்பட மாட்டாங்களா?" என்று கெவின் கேட்டான்.

மேசையில் மூன்று பேரும் அவனை விநோதமாகப் பார்த்தார்கள். கற்பிட்டியில் கழுதையைத் திரும்பிப் பார்க்கிறவன் எவன்? பஸ் நிலையத்தில் நிற்கும், பாங்க் வாசலில் நிற்கும், கலியாண வீட்டில் கூப்பிடாமலே வந்து நிற்கும். கெவினும் அன்று காலை ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் வந்திருந்தான். நியாயம் என்று ஒப்புக்கொண்டு கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். ஆறு மணித்தியாலம் கழித்து, சந்தை நடுவில் நாலு கழுதையும் எலும்புக்கூடானது வேறு கதை. அன்றைக்குக் கெவின் கொப்பியில் ஒரு தீர்ப்பு எழுதிவைத்தான்: எழும்பினவனை எந்த உருவுக்கு மாற்றினாலும், உள்ளே அவன் எழும்பினவன்தான், தடிக்காரர் சொல்வதைக் கேட்பான், அடி விழுந்தால் பழைய எலும்பாவான். ஸும்றா கடந்த ஒரு கிழமையாகப் பாமசியில் இருந்துகொண்டு திரும்பத் திரும்ப வாசித்தது இந்தத் தீர்ப்பைத்தான்.

கொல்கிற சட்டம் எப்படி வந்தது என்றால், அது சஜீவனால் வந்தது. அவன் இத்தாலிக்குப் போனபோது அவனுடைய வாள்வீரனை ஒருவரும் கொல்லவில்லை. நல்ல பிள்ளை, நிற்கட்டுமே என்று விட்டார்கள். ஆனால் சொந்தக்காரன் இல்லாத ஆளை என்ன செய்வது? மூட்டை தூக்கவைத்தார்கள். பாம்புக் கிணற்றுக்குள் முதல் ஆளாக இறக்கினார்கள். "என்ட ஆளை ஆரடா கிணத்துக்க இறக்கினது?" என்று மிலானில் இருந்து வாட்ஸ்அப்பில் ஏச்சு வந்தது. ஆறு மாதம் ஓயாத கரைச்சல். அதற்குப் பிறகுதான், போகிறவர் மரியாதையாகச் செத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். அடுத்துப் போன டிலுக்ஷி செத்த பிறகும் மேசையில் இருந்துகொண்டு அதைச் செய், இதைச் செய் என்று உயிரை வாங்கினாள். அதனால் இன்னொரு வரி சேர்ந்தது. செத்தவர் பொழுதுபடும்வரை மேசையில் இருக்கலாம், கிழங்கு தின்னலாம், கதைக்கக் கூடாது.

இப்போது ஹஸ்மியின் முறை. அவனுடைய த்ரீவீல் பெற்றோல் வரிசையில் மூன்று நாள் நின்றது. மூன்றாம் நாள் வெறும் டாங்கியோடு அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கட்டாரில் சாரதி வேலை, இரண்டு வருஷம், தெரிந்த ஏஜென்சி என்று ஒருத்தர் சொல்லியிருந்தார். "போகவா?" என்று கேட்டான். ஸும்றா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் "போங்க" என்றாள்.

அந்தச் சொல் வந்த வேகத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் தன் வாயில் ஒன்று போட வேண்டும் போலிருக்கும். கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது இருந்திருக்கலாம். மூன்று கிழமையாகப் "போகாதீங்க" என்ற சொல் தொண்டையில் கிடக்கிறது. சொன்னால் மனிசன் நின்றுவிடுவான், அது அவளுக்கு நிச்சயம். நின்றால் பிறகு அந்த வெறும் டாங்கியைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விடிய பாலாவிச் சந்தியில் வேன் ஏற்றும் என்று தகவல் வந்தது. மனிசனை மறிக்கத்தான் ஏலாது, ஸாபிரையும் மண்ணுக்குள் விடுவதாக இல்லை என்று அவள் தீர்மானித்தாள்.

கெவின் சாவை நன்றாகத்தான் ஆயத்தப்படுத்தியிருந்தான். மரப்பாலம், கீழே ஆறு, மறுகரையில் ஓர் இராட்சதன். ஸாபிர் பாலத்தில் நின்று மறிக்க, மற்றவர்கள் தப்ப வேண்டும். நாலு எலும்பாட்களையும் இராட்சதன் முதலே ஆற்றில் எறிந்துவிட்டான்.

"கடைசியா என்ன செய்யிறீங்க, நானா?" என்று கெவின் அண்ணன் முறை சொல்லிக் கேட்டான். இந்த இடத்தில் போகிறவர் ஏதாவது வசனம் பேசுவது வழக்கம். சஜீவனுக்குப் பிறகு போன எல்லாரும் பேசினார்கள்.

ஹஸ்மி தொண்டையைச் செருமினான். அதற்குள் ஸும்றா, "இஞ்சாருங்க, அந்தத் தடிய மின்னிக்கிட்ட எறிங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எறிங்களேன்."

எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இதற்கு மேல் கேட்கத் தோன்றாது. "தடிய எறியிறன்" என்றான். வசனம் அப்படியே வீணாய்ப் போனது.

பிறகு மரியாதைக்காகக் கட்டையை உருட்டினான். இருபது விழுந்தது, கட்டையில் அதற்கு மேல் எண் இல்லை. நாலு வருஷத்தில் ஹஸ்மிக்கு விழுந்த முதலாவது இருபது. கெவின் கட்டையைப் பார்த்தான், ஹஸ்மியைப் பார்த்தான்.

"மிச்சம் நல்லா மௌத்தானீங்க, நானா" என்று சாவை அறிவித்தான்.

அல்பொன்சா அன்ரி சிலுவை போட்டுக்கொண்டு எழும்பி, கிறகோரி சுவாமியின் குரலில் அடக்கப் பிரசங்கத்தைத் தொடங்கினார். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாம் வரியிலேயே ஸும்றா கையைத் தூக்கினாள்.

"அன்ரி, குறை நினைக்க வேணாம். அடக்கம் இல்ல. நான் தடியால ஸாபிர எழுப்புறன். எழுப்பி, பழைய ஸாபிராவே உரு மாத்துறன்."

கெவின் கொப்பியைப் புரட்டினான். முன்னுக்குப் புரட்டினான், பின்னுக்குப் புரட்டினான். கழுதைத் தீர்ப்பு அவன் கையெழுத்தோடு அங்கே கிடந்தது. "மறிக்க ஒண்டுமில்லத்தான்" என்று இழுத்தான். "ஆனா அக்கா, போறவர் சாக வேணும் எண்டதுதானே சட்டம்."

"செத்திட்டார்தானே. நான் இல்லையெண்டு சொன்னனா?"

கெவின் கொப்பியை மூடினான். ஆனால் அல்பொன்சா அன்ரியிடம் அதிகாரம் இருந்தது. எழும்பின பிணம் எதையும் ஒரு வார்த்தையில் மண்ணுக்கு அனுப்புகிற வரம் கிறகோரி சுவாமிக்கு உண்டு. நாலு வருஷத்தில் ஹஸ்மியின் ஆட்களைத் தவிர வேறொன்றையும் சுவாமி விட்டுவைத்ததில்லை, அவர்களையும் சகித்துக்கொண்டதுதான். அன்ரி பிரசங்கக் கடதாசியை மடித்தார்.

"அது அவர் இல்ல, மகள். சொன்னதச் செய்யிற ஒரு சாமான். சுவாமி அத நடக்க விடமாட்டார்."

"சொன்னதச் செய்யிறது எனக்குப் போதும், அன்ரி."

கெவின் சிரிக்கப் பார்த்தான். ஹஸ்மி ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டம் ஞாபகம் வந்து, ஒரு கிழங்குத் துண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து அஸருக்கு வாங்கு சொன்னது. விளையாட்டு நின்றது. பிணம் எழும்பிப் பள்ளிக்கு நடந்துபோனது.

ஸும்றா தொழுவதற்கென்று பின் அறையில் ஒரு பாய் எப்போதும் சுருட்டிக் கிடக்கும். தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்போது அன்ரி கதவடியில் தேத்தண்ணியோடு நின்றார்.

"ஏன் பிள்ள இவ்வளவு கரைச்சல்? ரெண்டு வருஷம்தானே. வந்து புது ஆள் ஒண்டோட விளையாடட்டும்."

"வருவார்தான்."

"பிறகென்ன?"

ஸும்றா பாயைச் சுவரோடு சாத்தினாள். சாய்ந்தது, திரும்பவும் சாத்தினாள். "வீட்டில அவர் இருக்கிற கதிர சும்மா கிடக்கத்தான் போகுது. அதப் பார்த்திட்டு இங்க வந்தாலும் ஒரு கதிர சும்மா கிடந்தா, எனக்கு ஏலாது அன்ரி" என்றாள். சொல்லி முடித்ததும் ஒரு பாட்டம் அழுதாள். அன்ரி கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி ஆறிப்போனது, வேறு ஊற்றிக் கொடுக்கச் சீனி இல்லை.

ஹஸ்மி திரும்பி வந்து தன் கதிரையில் குந்தியதும் கெவின் கட்டையைத் தட்டினான். "சரி. சுவாமி என்ன செய்யிறார்?"

அல்பொன்சா அன்ரி பிரசங்கக் கடதாசியைக் கிழங்குச் சட்டிக்கு அடியில் செருகினார். "சுவாமிக்கு மேலுக்குச் சுகமில்ல" என்றார். "மரத்துக்குப் பின்னால போய்ப் படுத்திட்டார். ஒண்டும் காணயில்ல."

கெவின் அதை எழுதிக்கொண்டான். "அப்ப ஸாபிர் எழும்பிட்டார். மாத்துறதெண்டா மூண்டு அடையாளம் சொல்லுங்க, அக்கா."

ஸும்றா யோசிக்கவே இல்லை. "தேத்தண்ணியில பாதியக் குடிப்பார், மத்தப் பாதிய எங்கயாவது வச்சிட்டுத் தேடுவார்."

கெவின் எழுதினான்.

"இடது கால் செருப்பு மட்டும் தேயும். இழுத்து இழுத்து நடக்கிறது."

அதையும் எழுதினான்.

"த்ரீவீலப் பின்னுக்கு எடுக்கக்குள்ள மூச்சப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். எடுத்து முடிச்சாத்தான் விடுவார்."

கெவினின் பேனை நின்றது. "அக்கா, ஸாபிருக்கு வெள்ளித் தாடியும் இடுப்பு மட்டும் மயிரும். அவர்கிட்ட த்ரீவீல் இல்லையே."

"இப்ப இருக்கு. எழுது."

ஹஸ்மி மேசைக்குக் கீழே குனிந்து தன் இடது செருப்பைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. தான் மூச்சைப் பிடிப்பது அவனுக்கே தெரியாது.

கெவின் எழுதினான். ஆனால் சம்மாட்டிக்கு ஒரு கடமை இருக்கிறது, நட்டம் எங்கே வரும் என்று முதலே சொல்லிவிட வேண்டும். "அக்கா, கேளுங்க. ஒருக்கா மாத்தினா ஆறு மணித்தியாலம். முழு நாளும் அவர் அவராவே நிக்கிறதெண்டா நாலு மந்திரமும் அவருக்கே போகும். மின்னிக்கிட்ட ஒண்டும் மிஞ்சாது. பறக்க ஏலாது. புலியாக ஏலாது. ஒருத்தன் கத்தியோட வந்தா சும்மா பார்த்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல."

"ரெண்டு வருஷம்" என்றாள் ஸும்றா. "தெரியும்."

"அவருக்கு ஒரு அடி விழுந்தாலும் எலும்பாகிடுவார்."

"விழாது" என்றது இன்னொரு குரல். அல்பொன்சா அன்ரி. "சுவாமிக்கு இப்ப சுகம். அவர் முன்னால நடப்பார். அடி விழுந்தா அவருக்கு விழட்டும்."

கெவின் அன்ரியைப் பார்த்தான். பிறகு அதையும் கொப்பியில் எழுதினான். நாலு வருஷத்தில் அவன் கொப்பியில் இவ்வளவு நேரம் குனிந்திருந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டானா, வேர்வையைத் துடைத்துக்கொண்டானா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

"சரி. மாறிட்டார்" என்றான் கடைசியில். "பாலத்தடியில நிக்கிறார். மனிசன் மாதிரியேதான் இருக்கார். தடி உங்கட கையில. என்ன கட்டள குடுக்கிறீங்களோ, அதச் செய்வார். முதல் கட்டள என்ன, அக்கா?"

மூட்டையைத் தூக்கச் சொல்வாள் என்று கெவின் நினைத்தான். இராட்சதனைப் பார்த்துவரச் சொல்வாள் என்று அன்ரி நினைத்தார். ஸும்றாவும் வீட்டில் இருந்து வரும்போது அப்படி ஏதோ ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். இப்போது அது மறந்துபோனது. மேசையில் கிடந்த கட்டையை அவள் பார்க்கவில்லை, கொப்பியைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் கிழங்குக் கோப்பையோடு இருந்தவனைப் பார்த்தாள்.

"போகாதீங்க" என்றாள்.

வீதியில் ஒரு கழுதை நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

ஹஸ்மி கோப்பையை மேசையில் வைத்தான். "ஸும்றா..." என்று தொடங்கினான்.

கெவின் கொப்பியில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "நானா," என்றான் மெதுவாக, "நீங்க மௌத்தாகிட்டீங்க. கதைக்க ஏலாது."

சட்டம் சட்டம்தான். ஹஸ்மி வாயை மூடினான். அவனுக்காகக் கெவின்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கட்டை உருட்டத் தேவையில்ல, அக்கா. அவர் போகயில்ல. நிக்கிறார்."